வலது தோளருகே ஒரு நிழல்

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. இலங்கை மலைநாட்டில், ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், மலைச்சரிவில் இருந்த ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில் நான் டாக்டராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊரும் ஹட்டன்தான். அப்பாவுக்குக் கடைவீதியில் துணிக்கடை. கடைக்காரர் மகள் டாக்டராகிவிட்டாள் என்று ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் அந்த மகளுக்கு எக்ஸ்ரே படிக்க ஆசை வந்ததுதான் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை.

"குழந்தை பொறக்கிற வார்டுல இருந்தா நாலு பேரு வாழ்த்துவாங்க. இருட்டு ரூமுல ஒக்காந்து எலும்பப் பாத்து என்னம்மா பண்ணப் போற?" என்பார் அம்மா. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு அந்த இருட்டறைதான் பிடித்திருந்தது. மனுஷனைக் கீறாமல், கிழிக்காமல் உள்ளே இருப்பதைப் பார்க்கலாம் என்பது எனக்கு இன்றைக்கும் அதிசயம்தான்.

அந்தப் படிப்புக்கு அப்போது இருந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் பட்டம் வாங்கி, பயிற்சி முடித்து, கொழும்புக்கு வெளியே எங்காவது சில வருஷம் உழைக்க வேண்டும். அதன் பிறகு விண்ணப்பம் போடலாம். கொழும்பில் பெரிய டாக்டர்கள் உட்கார்ந்து நேர்முகம் நடத்துவார்கள். தேறினால் அங்கே எக்ஸ்ரே பிரிவில் உதவி டாக்டராகச் சேர்த்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தோடு மறந்துபோன பௌதிகத்தைத் திரும்பப் படிக்க வேண்டும், ஆயிரக்கணக்கில் படம் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அரசாங்கச் செலவில் லண்டனுக்குக் கப்பல். படம் பார்த்து நோயைச் சொல்லும் படிப்பு ஒன்று, எக்ஸ்ரே கதிரை வைத்தே புற்றுநோய்க்கு வைத்தியம் செய்யும் படிப்பு இன்னொன்று. இரண்டில் எது என்று முன்னாடியே தீர்மானித்துவிட வேண்டும். நான் படம் பார்ப்பதைக் கேட்டிருந்தேன்.

அந்த வருஷம் இருந்தது ஒரே ஒரு இடம். அதற்கு முந்தின தடவை நான் போனபோது, "கதிர் பெண்களுக்கு ஆகாது. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கு இது எதற்கு?" என்று கேட்டு, டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். டீ நன்றாகவே இருந்தது. எங்கள் மலைத் தேயிலைதான்.

இரண்டாம் தடவையும் கேட்டு வைத்தேன். கூப்பிட்டார்கள்.

வந்திருந்த ஐந்து பேரில் நான் ஒருத்திதான் பெண். மேஜைக்குப் பின்னால் மூன்று பெரிய டாக்டர்கள். நடுவில் இருந்தவரை எனக்குப் பெயரளவில் நன்றாகத் தெரியும். மலைநாட்டில் அப்போது எக்ஸ்ரே நிபுணர் கிடையாது. எங்கள் ஆஸ்பத்திரியில் எடுக்கும் படங்களை ரயிலில் கொழும்புக்கு அனுப்புவோம். அவர்தான் பார்த்து, இன்ன நோய் என்று எழுதி அனுப்புவார். மகா கெட்டிக்காரர். மகா கோபக்காரர் என்றும் கேள்வி.

சுவரில் விளக்குப் பெட்டி ஒன்று இருந்தது. அதில் ஒவ்வொரு படமாக மாட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டார். முறிந்த எலும்பு, வீங்கிய இதயம், குடலில் அடைப்பு. எல்லாம் தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசியாக ஒரு நெஞ்சுப் படம். மூலையில் எங்கள் ஆஸ்பத்திரி முத்திரை இருந்தது. இருபது வயதுப் பெண், மூன்று மாத இருமல் என்றார்.

வலது பக்கம், தோள் எலும்புக்குக் கீழே, நுரையீரலின் உச்சியில் வெள்ளையாக ஒரு நிழல். எந்த மாணவனும் தூக்கத்திலேயே சொல்லிவிடுவான், காசநோய் என்று. எனக்கு முன்னால் போன நாலு பேரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. நானும் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

ஆனால் அந்த நிழல் எனக்கு ஒத்துவரவில்லை. கீழே நெஞ்சின் பாதிவரை இறங்கி, மேலே கழுத்தைத் தாண்டியும் போயிருந்தது. கழுத்துக்குள் ஏது நுரையீரல்? கிட்டே போய்ப் பார்த்தேன். நிழலுக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும் மெல்லிய பின்னல் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்னுடைய நெஞ்சுப் படம் எடுத்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது.

மருத்துவக் கல்லூரியில் சேரும்போது எங்களுக்கெல்லாம் படம் எடுத்தார்கள். ரவிக்கையைக் கழற்றிவிட்டு, முடிச்சுப் போட்டாலும் நிற்காத ஒரு வெள்ளை அங்கியோடு ஆம்பிளைகள் இருக்கிற அறையில் நிற்க வேண்டும். கூச்சத்தில் உயிர் போயிற்று. என் கை தானாகவே சடையை எடுத்து முன்னால் போட்டு நெஞ்சை மறைத்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற நர்ஸ் அந்தச் சடையைப் பிடித்துப் பின்னால் வீசிவிட்டு, "படத்துல விழும்!" என்று அதட்டினாள். எங்கள் சின்ன ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையிலோ நர்ஸ் கிடையாது.

"சார், இது நோய் இல்லை. முடி" என்றேன்.

"என்ன?"

"சடை, சார். அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சடையை முன்னால் போட்டிருக்கிறாள். நெஞ்சைப் படத் தகட்டோடு ஒட்டித்தானே நிற்க வைக்கிறோம்? இடையில் சடை மாட்டிக்கொண்டது."

மூன்று பேரும் வழுக்கைத் தலைகள். சடை முன்னால் வருவது எப்படி என்று அவர்களுக்கு விளங்கவே இல்லை. கடைசியில் நானே என் சடையை எடுத்து முன்னால் போட்டு, நாற்காலி முதுகில் நெஞ்சை ஒட்டிக் காட்ட வேண்டியதாயிற்று. ஓரத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்க இருமினார். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. அந்தப் படத்துக்குக் காசநோய் என்று எழுதியவரே அவர்தான். நல்ல தெளிவான படம் என்று மாணவர்களுக்குக் காட்ட எடுத்தும் வைத்திருந்தார்.

பெட்டியின் விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னார். "அந்தப் பெண்ணுக்கு இன்னொரு படம் எடுத்து, அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டு வா. நீ சொன்னது சரியென்றால் இந்த இடம் உனக்கு. தப்பென்றால், காசநோயை முடி என்று சொன்ன டாக்டரை நான் என் பிரிவுக்குள் விடமாட்டேன்."

அடுத்த நாள் காலை பதுளை ரயிலில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்தும் ஒன்றையும் பார்க்கவில்லை. நாவலப்பிட்டி தாண்டி வண்டி மலையேற ஏற எனக்குப் பயம் ஏறிக்கொண்டே வந்தது. நான் அந்தப் பெண்ணைப் பார்த்தது கூட இல்லை. ஒருவேளை நிஜமாகவே நோய் இருந்து, நான் பாட்டுக்குச் சடை, சடை என்று கூத்தடித்துவிட்டு வந்திருந்தால்?

எங்கள் எக்ஸ்ரே அறையைப் பார்த்துக்கொண்டவர் யாழ்ப்பாணத்துக்காரர். வயதானவர், பெரிய பக்திமான். நெற்றியில் விபூதி அழியாது. அவரிடம் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். நினைவு இருந்தது.

"அக்கரப்பத்தனைப் பக்கத்துப் பிள்ளை. கைக்குழந்தையோட வந்தது" என்றார்.

"அவ சடை எங்க இருந்துச்சு, ஐயா?"

"எனக்கெப்பிடித் தெரியும் டொக்டர்? பொம்பிளையளுக்குப் படம் எடுக்கேக்கை நான் அந்தப் பக்கம் திரும்பியே பாக்கிறேல்லை. தகட்டைப் பிடிச்சுக்கொண்டு நில்லெண்டு சொல்லிப்போட்டுச் சுவரைத்தான் பாப்பன்."

அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அவரவர் மரியாதையை அவரவர் காப்பாற்றிக்கொண்டார்கள். நடுவில் படம்தான் மானம் கெட்டுப்போனது.

மறுநாள் அக்கரப்பத்தனைக்குப் பஸ் பிடித்தேன். இறங்கித் தேயிலைக்குள் நடந்து, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தை அடைந்தபோது மழைத் தூறல். அந்தப் பெண்ணின் புருஷன் காய்ச்சலென்று அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, நடக்கத் தொடங்கின வயசு. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"டாக்டரம்மாவா? பெட்டு கெடைச்சிருச்சுங்களா? இன்னைக்கே கூட்டிட்டுப் போகப் போறீங்களா?" என்று கேட்டான். காசநோய் ஆஸ்பத்திரியில் இடத்துக்காகத்தான் காத்திருந்தார்கள். அதுவரை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று லயத்துக்குப் பின்னால், பழைய விறகுக் கொட்டிலில் அவளைத் தனியாக விட்டிருந்தார்கள். சாப்பாட்டைத் தட்டில் வைத்துத் தள்ளிவிடுவார்களாம். பால் மறக்காத குழந்தையைக் காட்டுவது கூட இல்லையாம். குழந்தை அம்மாவின் குரல் கேட்டால் கொட்டில் பக்கம் கையை நீட்டும், அதனால் அவள் பேசுவதையே விட்டுவிட்டாளாம். இதைச் சொல்லிவிட்டு அவன் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டான்.

கொட்டில் வாசலில் நின்று கூப்பிட்டேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். ஆனால் மூச்சு வாங்கவில்லை, காய்ச்சல் இல்லை, கண்ணில் நல்ல ஒளி இருந்தது. உள்ளே கொஞ்சம் தைரியம் வந்தது.

"அன்னைக்குப் படம் எடுக்கும்போது சடைய எங்க போட்டிருந்த, சொல்லு பாப்போம்" என்றேன்.

அவளுக்கு வெட்கம். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மேல துணி இல்லீங்களே, டாக்டரம்மா. கூச்சமா இருந்துச்சுங்க. சடைய எடுத்து முன்னால போட்டு மறைச்சுக்கிட்டேங்க."

எனக்கு அந்த மழையிலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. "எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். வலது தோளைத் தொட்டுக் காட்டினாள். "அந்தச் சடைய கொஞ்சம் காட்டும்மா" என்றேன். எத்தனை தடிமன், எவ்வளவு நீளம் என்று பார்க்க நினைத்தேன். அவள் முந்தானையை மெல்ல இறக்கினாள்.

மொட்டை! பளபளவென்று சந்தனம் பூசிய மொட்டை.

"மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டு முடி எறக்கிட்டேங்க. எம்புள்ளைய நான் தூக்கணும் ஆத்தான்னு" என்றாள்.

"அந்த முடி?"

"ஆத்துல விட்டாச்சுங்களே."

என் லண்டன் படிப்பு ஆற்றோடு போய்விட்டது என்று தோன்றியது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அது என் கவலை. அவள் கவலை வேறு. முதலில் அதைத் தீர்க்க வேண்டும். அன்றைக்கே தோட்டத்து லொறியில் இடம் கேட்டு, அவளையும் புருஷனையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தேன். குழந்தை புருஷன் மடியில் இருந்தது. அவள் லொறியின் அடுத்த மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து வந்தாள்.

இந்தத் தடவை நானே எக்ஸ்ரே அறைக்குள் நின்றேன். அங்கியை என் கையால் கட்டிவிட்டேன். யாழ்ப்பாணத்து ஐயா வழக்கம்போலச் சுவரைப் பார்த்தார். படம் எடுத்து, இருட்டறையில் மருந்துத் தண்ணீரில் தோய்த்து, கழுவி, சொட்டச் சொட்ட வெளியே கொண்டு வந்தார். காயும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை ஏது? ஈரத்தோடு வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. உச்சி முதல் அடிவரை துடைத்துவிட்டாற்போல இருந்தது. நிழல் என்று ஒரு பொட்டுக் கூட இல்லை.

"முருகா!" என்றார் யாழ்ப்பாணத்து ஐயா. அன்றைக்குத்தான் அவர் முதல் தடவையாக அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

இருமல் விறகுப் புகையில் வந்த வெறும் இருமல். முன்பே சளியைச் சோதித்தபோது கிருமி தெரியவில்லை. ஆனாலும் அவ்வளவு தெளிவான படம் இருக்கும்போது சளியை யார் நம்புவார்கள்? மறுபடியும் சளியை எடுத்துப் பார்த்தோம். அதிலும் ஒன்றும் இல்லை. வெளியே வந்து புருஷனிடம் சொன்னேன், நோய் இல்லை, படத்தில் விழுந்தது முடிதான் என்று. அவன் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அப்ப, புள்ளையக் குடுக்கலாங்களா?"

"குடுப்பா, குடு!"

அவளுக்குக் கை நீட்டப் பயம். அவன்தான் கொண்டுபோய் மடியில் வைத்தான். குழந்தை முதலில் அந்த மொட்டைத் தலையைப் பார்த்து மிரண்டு, அழ வாயைக் கோணிற்று. அவள் "ஏ தங்கம்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். குரல் கேட்டதும் அது மாரில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நான் டாக்டர், அழக்கூடாது என்றெல்லாம் நினைத்தேன். யாழ்ப்பாணத்து ஐயா மூக்கைச் சிந்துவதைப் பார்த்த பிறகு நானும் அழுதுவிட்டேன்.

அவர்கள் போன பிறகுதான் என் பாடு நினைவுக்கு வந்தது. சுத்தமான படம் கையில் இருக்கிறது, சரி. கொழும்புக்காரர் லேசில் விடுவாரா? "சாதாரண நிமோனியாவாக இருந்திருக்கும், தானாகக் கரைந்துவிட்டது. முடி என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டால்? ஆதாரம் இந்நேரம் ஆற்றோடு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்திருக்கும்.

என் சடையைத் தடவிப் பார்த்தேன். அம்மா வாரத்துக்கு ஒரு தடவை எண்ணெய் வைத்து வளர்த்த சடை, கைக்குள் அடங்காத தடிமன்.

"ஐயா, இன்னொரு தகடு போடுங்க" என்றேன்.

"ஆருக்கு?"

"எனக்கு."

மனுஷன் பதறிவிட்டார். விளக்கிச் சொன்னதும் புரிந்துகொண்டார். அங்கியை மாட்டிக்கொண்டு, சடையை வலது தோள் வழியாக முன்னால் போட்டு, தகட்டோடு நெஞ்சை ஒட்டி நின்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "மூச்சை இழுத்துப் பிடியுங்கோ டொக்டர்" என்றார்.

வெள்ளிக்கிழமை. அதே அறை, அதே மூன்று பேர். அந்தப் பெண்ணின் இரண்டாவது படத்தை மாட்டினேன். நடுவில் இருந்தவர் நெடுநேரம் பார்த்தார். "நோய் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் படத்தில் இருந்தது முடி என்று எப்படிச் சொல்வாய்? நிமோனியாவாக இருந்து கரைந்திருக்கலாமே?" என்றார். நினைத்தது நினைத்தபடியே வந்தது.

அடுத்த படத்தை மாட்டினேன். பெயர் எழுதியிருந்த மூலையை மட்டும் ஒரு தாளால் மறைத்திருந்தேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டே வந்தார். அவர் முகம் மாறியது. "வலது மேல்நுரையீரல். இது காசநோய்தான், இதில் சந்தேகமே இல்லை. யார் இந்த நோயாளி? எங்கே இருக்கிறார்?"

"இங்கேதான் சார். உங்கள் முன்னால் நிற்கிறேன்" என்று தாளை எடுத்தேன்.

கோபக்காரர் என்று கேள்விப்பட்டவராயிற்றே, என்ன வரப்போகிறதோ என்று காத்திருந்தேன். அவர் என் சடையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கழுத்தைத் தாண்டி மேலே போகிற நிழலை விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, மாணவர்களுக்காக எடுத்து வைத்திருந்த அந்தப் பழைய படத்தைத் தானே எடுத்து, மேலே ஒட்டியிருந்த காசநோய் என்ற சீட்டைக் கிழித்தார். "முதல் தேதி வேலைக்கு வந்துவிடு. இந்த மூன்று படத்தையும் ஒன்றாக வைக்கலாம், இனி வருகிறவர்களுக்கு நீயே காட்டு" என்றார். பெண்களுக்குக் கதிர் ஆகாது என்ற பேச்சை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை. நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாள் பிடித்து வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

அடுத்த வருஷம் லண்டனுக்குக் கப்பலேறும் முன்னால் வீட்டுக்குப் போயிருந்தேன். எப்படியோ கேள்விப்பட்டு, அவள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு எங்கள் கடைக்கே வந்துவிட்டாள். முடி காதுவரை வளர்ந்து, சுருள் சுருளாக நின்றது. கன்னம் உப்பியிருந்தது. மாரியம்மன் கோயில் திருநீற்றை என் நெற்றியில் பூசிவிட்டாள்.

"ஆத்தாதான் என்னையக் காப்பாத்துனா, டாக்டரம்மா" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ரயிலேறி, பஸ்ஸேறி, மழையில் நனைந்தது நானல்லவா? "நோயே இல்லன்னு சொன்னேனேம்மா. படத்துல விழுந்தது ஒன் முடிதான்" என்றேன்.

"அதத்தாங்க நானும் சொல்றேன். வந்த கெடுதி எல்லாம் முடியிலதான இருந்துச்சு? அத ஆத்தா எடுத்துக்கிட்டா. எம்புள்ள எங்கிட்ட வந்துருச்சு."

லண்டனில் எத்தனையோ பரீட்சை எழுதினேன். ஆனால் அவள் வாதத்தோடு மட்டும் மல்லுக்கு நின்றதில்லை. அதன் பிறகு எத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாலும், நெஞ்சுப் படத்துக்கு ஒரு பெண் வந்து நின்றால் நானே உள்ளே போய், அங்கியைக் கட்டிவிட்டு, அவள் சடையை எடுத்து உச்சியில் கொண்டையாகச் செருகிவிட்டுத்தான் வெளியே வருவேன். அப்படிச் செருகும் ஒவ்வொரு தடவையும், அந்தக் குழந்தை அம்மாவின் குரல் கேட்டு மாரில் முகம் புதைத்த நேரம் நினைவுக்கு வந்து, எனக்கு இன்னொரு முறை நிம்மதியாக மூச்சு வருகிறது.